திருப்தியா என்று கேட்கிறார்கள். அதிகாரம் எங்கே என்று கேட்போம்

(நகர்ப்புறக் கிளைத் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்றைய வகுப்பில் எனக்குத் தரப்பட்டிருக்கும் கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் சிறியது. 'குடிமக்கள் திருப்தி ஆய்வு' என்ற பெயரில் நகர நிர்வாகங்கள் கைப்பேசியிலும் வீட்டு வாசலிலும் வந்து நம் மக்களிடம் கேள்வி கேட்கின்றன. தண்ணீர் வருகிறதா, குப்பை அள்ளப்படுகிறதா, தெருவிளக்கு எரிகிறதா, மொத்தத்தில் திருப்தியா என்று கேட்கின்றன. இதில் நாம் பங்கேற்பதா, புறக்கணிப்பதா?

கிளைகளில் நடந்த விவாதத்தில் இரண்டு கருத்துகள் எழுந்திருக்கின்றன. 'ஆட்சியாளர்களின் விளம்பரத்துக்கு நம் மக்களைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைக்கும் வேலை இது. புறக்கணிக்க வேண்டும்' என்பது ஒன்று. 'கேட்கிற இடத்தில் சொல்லாமல் விட்டுவிட்டு வேறு எங்கே போய்ச் சொல்வது?' என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவதுதான் இன்றைய வேலை.

ஒரு தெருவில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநகரத்தில், தமிழ்க் குடும்பங்கள் மிகுதியாக வாழும் குடிசைப் பகுதியில், தோழர் ஒருவரின் வீட்டு வாசற்படியில் அமர்ந்திருந்தேன். நகரத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை; சொன்னால் யாருக்குத் தொல்லை வரும் என்பதை நீங்களே புரிந்துகொள்வீர்கள். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கைப்பேசியுமாக ஓர் இளம்பெண் வந்தார். ஒப்பந்த வேலை, ஒரு நாளைக்கு இத்தனை படிவங்களை முடித்தால்தான் கூலி. வழிகாட்டுவதற்காக அந்தப் பகுதியின் துப்புரவு மேஸ்திரியும் உடன் வந்திருந்தார். பக்கத்து வீட்டு வாசலில் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா நின்றிருந்தார். கேள்விகள் தொடங்கின.

தண்ணீர்? 'நல்லா வருது கண்ணு.' வடிகால்? 'சுத்தமா இருக்கு.' குப்பை? 'தினமும் எடுக்கறாங்க.' மொத்தத்தில்? 'திருப்திதான், எழுதிக்கோ.' நான்கே நிமிடங்களில் படிவம் நிறைந்துவிட்டது. அந்தப் பதில்களை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் நின்ற இடத்திலிருந்து இரண்டடி தூரத்தில் சாக்கடை திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அந்த இளம்பெண்ணும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் படிவத்தில் சாக்கடைக்கு இடமில்லை. சாக்கடையைப் பற்றிய பதிலுக்குத்தான் இடமிருந்தது.

அவர்கள் அடுத்த தெருவுக்குப் போன பிறகு, 'ஏம்மா அப்படிச் சொன்னீங்க?' என்று கேட்டேன். 'பையன் குப்பை வண்டியில ஏத்திவிடுற வேலைக்குப் போறான் தம்பி. மேஸ்திரி பக்கத்துல நிக்கிறாரு. நான் வேற என்ன சொல்றது?' என்றார். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, யாரும் கேட்காமல் அவரே சொன்னார்: 'முன்னெல்லாம் அஞ்சு நாளைக்கு ஒரு தடவ தண்ணி. இப்ப மூணு நாளைக்கு ஒரு தடவ. அத நெனச்சா திருப்திதானே?'

தோழர்களே, அவர் சொன்ன இரண்டு விளக்கங்களும் வெவ்வேறானவை. முதலாவது அச்சம். வேலைக்கு உத்தரவாதம் இல்லாத மகன், அந்த வேலையைப் பிடித்துவைத்திருக்கும் மனிதர் எதிரில் நிற்கும்போது ஒரு தாய் தரும் பதில் கருத்தாகாது, அது தற்காப்பு. இரண்டாவது அதைவிட ஆழமானது. பல ஆண்டுகள் எதுவும் கிடைக்காமல் பழகிய மனம், கிடைத்த சிறிதளவையே நிறைவென்று எண்ணிக்கொள்கிறது. அச்சத்தை நீக்கினால் முதல் பதில் மாறிவிடும். இரண்டாவது பதில் அவ்வளவு எளிதில் மாறாது.

1944இல் சிங்கூர்

இந்த இரண்டாவது பதிலைப் புரிந்துகொள்ள நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1943ஆம் ஆண்டு வங்கத்தில் பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. அதற்கு மறு ஆண்டு, கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் அகில இந்தியச் சுகாதார, பொது நலவாழ்வுக் கழகம் ஓர் ஆய்வு நடத்தியது. அதன் முடிவுகளை அமர்த்தியா சென் பிற்காலத்தில் எடுத்துக்காட்டி விளக்கினார். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தமக்கு நோய் இருக்கிறது அல்லது உடல்நிலை சரியில்லை என்று கூறினார்கள். கணவனை இழந்த பெண்களில் அவ்வாறு கூறியவர்கள் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே.

பஞ்சத்தில் கணவனையும் இழந்து, பாதி வயிற்றுக்கு உண்டு, விதவைக் கோலத்தில் ஒடுக்கப்பட்டிருந்த அந்தப் பெண்கள் ஆண்களைவிட உடல்நலத்தோடு இருந்தார்கள் என்று இதற்குப் பொருளா? இல்லை. 'என் உடல்நிலை சரியில்லை' என்று சொல்வதற்கும் ஓர் உரிமையுணர்வு வேண்டும். தனக்கு நல்ல உடல்நலம் உரியது என்று எண்ணுகிறவரே அது இல்லாததைக் குறையாகச் சொல்வார். அந்த எண்ணமே பறிக்கப்பட்டவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். சிங்கூரின் விதவைகளும், நான் பார்த்த அந்த அம்மாவும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே, 'மக்கள் திருப்தியாக இருக்கிறார்கள்' என்று ஓர் ஆய்வு கூறும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: எதனோடு ஒப்பிட்டுத் திருப்தி? உரிமையோடு ஒப்பிட்டா, நேற்றைய இல்லாமையோடு ஒப்பிட்டா?

கருவி கைமாறிய கதை

இத்தகைய ஆய்வுகள் எல்லாமே ஆட்சியாளர்களின் சூழ்ச்சி என்று சொல்லிவிட முடியாது. இந்தியாவில் இதன் தொடக்கம் வேறு விதமானது. 1994இல் பெங்களூரில், சாமுவேல் பால் என்ற அறிஞரின் முயற்சியில், அரசு சாராத குழு ஒன்று நகரத்தின் சேவைத் துறைகளுக்கு மதிப்பெண் பட்டியல் வெளியிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தருவது போன்ற மதிப்பெண் அட்டை. குடிநீர், மின்சாரம், மாநகராட்சி, தொலைபேசி என ஒவ்வொரு துறையிலும் மக்கள் பட்ட அனுபவம் பதிவு செய்யப்பட்டது. குடிசைப் பகுதிக் குடும்பங்களிடம் தனியாகக் கேட்கப்பட்டது. லஞ்சம் கொடுக்க நேர்ந்ததா என்றும் கேட்கப்பட்டது. முடிவுகள் அதிகாரிகளுக்குத் தலைகுனிவை ஏற்படுத்தின. 1999இலும் 2003இலும் அது மீண்டும் நடத்தப்பட்டது. அந்த முறைக்கும் வரம்புகள் உண்டு. குடிமகனைச் சேவை வாங்கும் வாடிக்கையாளராகப் பார்க்கும் போக்கு அதிலும் இருந்தது. ஆனால் கேட்டவர்கள் ஆட்சிக்கு வெளியே நின்று கேட்டார்கள்.

பின்னர் கருவி கைமாறியது. ஒன்றிய அரசு 2016இல் 73 நகரங்களோடு 'ஸ்வச் சர்வேக்ஷன்' என்ற தூய்மைக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. 2018இல் அது நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு விரிந்தபோது, மொத்தம் 4,000 மதிப்பெண்களில் 1,400 மதிப்பெண்கள் குடிமக்களின் கருத்துக்கு ஒதுக்கப்பட்டன. நோக்கம் நல்லது போலத் தெரிகிறது. நடைமுறையில் நடந்தது என்ன? குப்பையை ஒழுங்காக அள்ளுவதைவிட நல்ல பதில்களைத் திரட்டுவது எளிது என்று நிர்வாகங்கள் கண்டுகொண்டன. நகரெங்கும் விளம்பரப் பலகைகள் எழுந்தன. 'நம் நகரத்துக்கு வாக்களியுங்கள்' என்று அழைப்பு விடுத்தன. தேர்வு எழுதுகிற மாணவனே வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு போய், தனக்கு நல்ல மதிப்பெண் போடும்படி தெருத் தெருவாகக் கேட்டதைப் போன்றது இது.

அடுத்தது, வாழ்வதற்கு எளிதான நகரங்களின் பட்டியல். 2018இல் வந்த முதல் பட்டியலில் புனே முதலிடம் பெற்றது. அடுத்த பட்டியலுக்காக 2020 ஜனவரி 16 முதல் மார்ச் 20 வரை 111 நகரங்களில் குடிமக்கள் கருத்தறியும் ஆய்வு நடத்தப்பட்டது. 32 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். நூற்றுக்கு மதிப்பெண் பிரிக்கப்பட்ட விதத்தைக் கவனியுங்கள்: வாழ்க்கைத் தரத்துக்கு 35, நிலைத்த வளர்ச்சிக்கு 20, பொருளாதார வலிமைக்கு 15, குடிமக்களின் கருத்துக்கு 30. ஒரு நகரத்தின் பொருளாதார நிலைக்குத் தரப்பட்ட எடையைப் போல இரண்டு மடங்கு, மக்கள் என்ன சொல்கிறார்கள் என்பதற்குத் தரப்பட்டது. மக்களின் சொல்லுக்கு இத்தனை மதிப்பா என்று நாம் மகிழ்ந்திருக்கலாம், மக்களின் சொல்லுக்கு அரசமைப்புச் சட்டம் தந்த இடம் அந்த நகரங்களில் உயிரோடு இருந்திருந்தால்.

வாக்கு இல்லாத திருப்தி

அந்த இடம் எது? அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நகராட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டுகள் என்றும், அந்தக் காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடத்தி முடிக்கப்பட வேண்டும் என்றும் அது கட்டளையிடுகிறது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

இப்போது அந்தப் பட்டியலை மீண்டும் எடுத்துப் பாருங்கள். 2021 மார்ச் மாதம் முடிவுகள் வெளியாயின. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் பெங்களூருக்கு முதலிடம். அந்த அறிவிப்பு வந்த நாளில் பெங்களூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இல்லை. 198 வார்டுகளின் உறுப்பினர்களுடைய பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10 அன்றே முடிந்துவிட்டது. நிர்வாக அதிகாரியின் ஆட்சி நடந்தது. சென்னைக்கு நான்காம் இடம். சென்னை மாநகராட்சிக்கு 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே கிடையாது. குடிமக்களின் கருத்து என்ற தனிப்பிரிவில் நாட்டிலேயே மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற நகரம் புவனேஸ்வர். அங்கே 2014இல் தேர்வான மாமன்றத்தின் காலம் 2019இன் தொடக்கத்தில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 மார்ச் மாதத்தில்தான் நடந்தது. அதாவது, இந்தியாவிலேயே மிகவும் திருப்தியடைந்தவர்கள் என்று அறிவிக்கப்பட்ட குடிமக்கள், அந்தக் கேள்வி கேட்கப்பட்ட நாளில் தங்களுக்கென்று ஒரு கவுன்சிலர்கூட இல்லாதவர்களாக இருந்தார்கள்.

தோழர்களே, நான் இன்று சொல்ல வந்ததன் மையம் இதுதான். திருப்தியா என்று கேட்கிறவர்கள் வாக்குரிமையைத் தள்ளிப்போடுகிறார்கள். வாக்கு என்பது ஆளை மாற்றும் அதிகாரம். கருத்துச் சொல்வது, ஆளை மாற்றாமல் மனத்தைக் கொட்டிவிட்டுப் போகும் வசதி. அதிகாரத்தை எடுத்துக்கொண்டு அதன் இடத்தில் கருத்துப் பெட்டியை வைப்பதுதான் தாராளமயக் காலத்து நகர ஆட்சியின் தந்திரம். பொலிவுறு நகரத் திட்டத்தில் 2015 முதல் நடந்ததும் இதுவே. மாமன்றத்தின் கையிலிருந்த முடிவுகள் நிறுவனச் சட்டத்தின் கீழ் தொடங்கப்பட்ட சிறப்பு நிறுவனங்களின் இயக்குநர் குழுவுக்குப் போயின. மக்களுக்கோ கைப்பேசியில் 'உங்கள் கருத்தைப் பகிருங்கள்' என்ற செய்தி வந்தது.

பெங்களூரில் அதன் பின் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். முதலிடம் அறிவிக்கப்பட்ட மூன்றே ஆண்டுகளில், 2024 கோடையில், அந்த நகரம் குடிநீருக்குத் தவித்தது. அரசின் ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழப் பாதி வறண்டுவிட்டதாக மாநில அரசே கூறியது. காவிரிக் குழாய் அப்போது எட்டியிராத புறநகர் மக்கள், 2007இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட 110 கிராமங்களின் மக்கள், லாரித் தண்ணீருக்குக் கூலியில் பாதியைக் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. அந்தக் கோடையில், 'எங்கள் வார்டுக்கு ஏன் தண்ணீர் இல்லை?' என்று சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. அதற்குள் முழுமையாக ஐந்து ஆண்டுகள், அதாவது ஒரு மாமன்றத்தின் முழு ஆயுட்காலம், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாமலே கழிந்துவிட்டது.

சராசரியில் மறைகிறவர்கள்

இன்னொரு குறையும் உண்டு. நகரம் முழுவதற்கும் ஒரே எண் தரப்படுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் பெறுகிறவரின் பதிலும், நள்ளிரவில் குடத்தோடு விழித்திருப்பவரின் பதிலும் கூட்டி வகுக்கப்பட்டு ஓர் எண்ணாகின்றன. வகுத்தபின் அந்த எண்ணில் வர்க்கம் தெரியாது, சாதி தெரியாது, தெரு தெரியாது. நகரத்தின் குப்பையை அள்ளுகிறவரும், கழிவுநீர்த் தொட்டியில் இறக்கப்படுகிறவரும் எந்தச் சாதியில் பிறந்தவர்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும், பட்டியலுக்குத்தான் தெரியாது. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. தொட்டியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் என்று 2014இலும், 30 லட்ச ரூபாய் என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை வரையறுத்தது. இழப்பீட்டுத் தொகை உயர்ந்திருக்கிறது; மரணங்கள் நிற்கவில்லை.

கணக்கெடுப்பு என்றாலே பயனற்றது என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. எதிர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014இல் நிறைவேறியது. குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை எல்லாத் தெரு வியாபாரிகளையும் கணக்கெடுக்க வேண்டும், அந்தக் கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. இந்தக் கணக்கில் சேர்ந்தால் வியாபாரிக்கு உரிமை கிடைக்கிறது. திருப்தி ஆய்வில் சேர்ந்தால் நகரத்துக்கு மதிப்பெண் கிடைக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நம் மக்களுக்கு விளக்க வேண்டும். முன்னதைப் பல நகரங்கள் இழுத்தடிப்பதும், பின்னதற்கு எல்லா நகரங்களும் ஓடி ஓடிப் படிவம் சேர்ப்பதும் ஏன் என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

புறக்கணிப்பு ஏன் போதாது

இவ்வளவும் சொன்ன பிறகு, புறக்கணிப்புத்தான் சரி என்று சில தோழர்களுக்குத் தோன்றக்கூடும். நான் அப்படிக் கருதவில்லை.

மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் வேலைநாளைப் பற்றி எழுதியபோது எந்த ஆதாரங்களைப் பயன்படுத்தினார்? பிரிட்டிஷ் அரசின் தொழிற்சாலை ஆய்வாளர்கள் எழுதிய அறிக்கைகளை. லெனார்ட் ஹார்னர் என்ற ஆய்வாளரை அவர் பெயர் சொல்லிப் பாராட்டினார். முதலாளித்துவ அரசின் ஆவணம் என்பதற்காக அவர் அதைத் தள்ளிவிடவில்லை. அதிலிருந்த உண்மையை எடுத்து முதலாளித்துவத்துக்கு எதிராகத் திருப்பினார். அதே மார்க்ஸ் 1880இல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக ஏறத்தாழ நூறு கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியலைத் தாமே தயாரித்தார். வேலை நேரம் எவ்வளவு, இடைவேளை உண்டா, விபத்து நேர்ந்தால் யார் செலவு செய்கிறார்கள், கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது, வேலைநிறுத்தம் நடந்ததா, என்ன ஆயிற்று என்று அது கேட்டது. தம் நிலையைத் தொழிலாளரே அறிந்து சொல்ல முடியும் என்ற நம்பிக்கையில் பிறந்த கேள்விகள் அவை. 25,000 பிரதிகள் அச்சிடப்பட்டன. மிகச் சில பதில்களே திரும்பி வந்தன என்பதும் உண்மை. கேள்வி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போக அமைப்பு இல்லாவிட்டால் பதில் வராது. நமக்கு அதுவும் ஒரு பாடம்.

நாம் புறக்கணித்தால் என்ன நடக்கும்? அந்த அம்மாவிடம் மேஸ்திரி பக்கத்தில் நிற்க வாங்கிய பதில் மட்டும் பட்டியலுக்குப் போகும். வசதியானவர்களின் பதில் போகும். நம் தெருவின் பதில் போகாது. நாம் வெளியே நின்று, 'இது மோசடி' என்று முழங்கிக்கொண்டிருப்போம். பட்டியலோ, 'குடிமக்கள் திருப்தி' என்று வெளியாகும்.

செய்ய வேண்டியவை

ஆகவே, பங்கேற்க வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் தனித்தனியாக அல்ல. அதோடு நிறுத்திக்கொள்வதற்காகவும் அல்ல. சில நடைமுறை யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, மேலதிகாரியின் கண்முன் பதில் சொல்லும் நிலையை உடைக்க வேண்டும். ஆய்வு நடக்கும் நாள்களில் படிப்பகத்திலோ சங்க அலுவலகத்திலோ மக்கள் கூடி, தங்கள் கைப்பேசியில் தாங்களே பதிலளிக்க உதவுவோம். எந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று விளக்குவோம். எந்தப் பதிலைச் சொல்ல வேண்டும் என்று நாம் சொல்லித்தரக் கூடாது. அவர்கள் நல்ல பதிலைச் சொல்லித்தருகிறார்கள் என்பதற்காக நாம் மோசமான பதிலைச் சொல்லித்தந்தால் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு இல்லை. ஐந்து நாளுக்கு ஒரு முறை வந்த தண்ணீர் மூன்று நாளுக்கு ஒரு முறை வந்தால் அந்த முன்னேற்றத்தையும் ஒப்புக்கொள்வோம். உண்மை நம் பக்கம் இருக்கிறது. அதைக் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, படிவத்தோடு வருகிற அந்த இளம்பெண் நம் எதிரி அல்ல. அவரும் ஒப்பந்தத் தொழிலாளி. மேஸ்திரிக்கும் மேலிருந்து நெருக்கடி உண்டு. அவர்களிடம் கோபத்தைக் காட்டுவது எளிது. அவர்களைச் சங்கத்துக்கு அழைப்பது கடினம். கடினமானதைச் செய்வோம்.

மூன்றாவது, நம் கேள்விகளை நாமே தயாரிப்போம். 'திருப்தியா?' என்ற கேள்வி அதில் வேண்டாம். எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர், எத்தனை மணிக்கு, எத்தனை குடம், லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு செலவு, வடிகால் கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது, உள்ளே இறங்கியவர் யார், அவருக்குப் பாதுகாப்பு உடை இருந்ததா என்று கேட்போம். பதில் மனத்தைப் பொறுத்து மாறாத கேள்விகள் இவை. குடத்தின் எண்ணிக்கையை மேஸ்திரி மாற்ற முடியாது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பதிவேடு வைத்து, ஒரு மாதம் எழுதிவருவோம். பெண் தோழர்கள் இதை முன்னின்று செய்ய வேண்டும்; தண்ணீருக்காக விழித்திருப்பவர்கள் அவர்களே.

நான்காவது, அந்தப் பதிவேட்டை மக்கள் முன் படிக்க வேண்டும். பெங்களூரில் மதிப்பெண் அட்டை வெளியான அதே 1994இன் டிசம்பரில், ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் முதல் பொது விசாரணையை நடத்தியது. அங்கே யாரும் கிராமத்தாரிடம் திருப்தியா என்று கேட்கவில்லை. அரசின் கணக்குகளை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலையே செய்யாத பெயர்களுக்குக் கூலி எழுதப்பட்டிருந்ததை மக்களே கண்டுபிடித்தார்கள். அந்தக் கூட்டங்களிலிருந்து வளர்ந்த போராட்டத்துக்கு 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் பெரும் பங்கு உண்டு. நாமும் வார்டுதோறும் அப்படிக் கூடுவோம். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், ஆய்வு முடிவுகளை வார்டுவாரியாகக் கேட்போம். எத்தனை பேரிடம் கேட்டார்கள், எந்தத் தெருவில் கேட்டார்கள், யார் உடன் இருந்தார்கள் என்று கேட்போம். இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்துப் படிப்போம்.

ஐந்தாவது, எல்லாவற்றையும் அதிகாரம் என்ற கேள்வியோடு இணைக்க வேண்டும். காலம் தவறாத மாநகராட்சித் தேர்தல், உண்மையில் கூடுகிற வார்டு குழு, நிதியைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை ஆகியவற்றைக் கோர வேண்டும். இது கனவன்று. 1996 ஆகஸ்ட் 17 அன்று கேரளத்தில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. எந்த வேலை முதலில் என்று மக்கள் கூடிப் பேசி முன்வைத்தார்கள். குறைகள் அங்கும் உண்டு. ஆனால் அங்கே மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி, 'நாங்கள் செய்தது பிடித்திருக்கிறதா?' என்பதன்று, 'என்ன செய்ய வேண்டும்?' என்பது.

திருப்தி ஆய்வு எதுவும் பெங்களூரின் துப்புரவுத் தொழிலாளருக்கு நிரந்தர வேலை தரவில்லை. 2022 ஜூலையில் அவர்கள் துடைப்பத்தைக் கீழே வைத்து நான்கு நாள்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகே அரசு நிரந்தரப்படுத்தும் கோரிக்கைக்கு இறங்கி வந்தது. அப்போதும் வண்டி ஓட்டுநர்களும் குப்பை ஏற்றுகிறவர்களும் வெளியே விடப்பட்டார்கள். அவர்களுடைய போராட்டம் இன்னும் முடியவில்லை. நான் சந்தித்த அம்மாவின் மகன் வேறொரு நகரத்தில் செய்கிற வேலையும் அதுதான்.

கடைசியாக அந்த அம்மாவிடமே திரும்பிவிடுகிறேன். அந்தத் தெருவில் பின்னர் நம் தோழர்கள் தண்ணீர்ப் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார்கள். எழுதுவதற்கு ஒரு பள்ளிக்கூடப் பெண் கிடைத்தாள். முதல் வாரம் அந்த அம்மா, 'எனக்கென்ன தெரியும், வேற யாரையாவது கேளு பாப்பா' என்று சொல்லிவிட்டாராம். மூன்றாவது வாரத்தில் அவரே வந்து, 'நேத்து ராத்திரி ரெண்டரை மணிக்கு வந்துச்சு, ஏழு கொடம்தான் புடிச்சேன், எழுதிக்கோ' என்றாராம். 'எழுதிக்கோ' என்ற சொல்லை நான் அவர் வாயிலிருந்து முன்பும் கேட்டிருக்கிறேன். அன்று அது படிவத்தை முடித்து அனுப்புவதற்காகச் சொன்ன சொல். இந்த முறை அது வழக்குத் தொடுக்கிறவரின் சொல்.

மக்களைத் திருப்தியற்றவர்களாக ஆக்குவது நம் வேலையன்று. வாழ்க்கை அந்த வேலையை ஏற்கெனவே செய்துவிட்டது. தமக்கு உரியது எது என்று அவர்கள் அறிந்து சொல்லும் துணிவுக்குப் பக்கத்தில் நிற்பதே நம் வேலை. மேஸ்திரி நின்ற இடத்தில் இனி சங்கம் நிற்கட்டும். அப்போது, ஆய்வு எத்தனை முறை வந்தாலும் பதில் சொல்ல நம் மக்கள் அஞ்ச மாட்டார்கள்.